வயிற்றுச் சுற்றளவு உட்கார்ந்தால் 98, படுத்தால் 91: எந்த அளவு சரி?

கோத்தகிரிக்காரன்:
அண்ணன் மூன்று வருடம் முன்பு தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்தவர். தண்டுவடத்தில் டி10-இல் (நடுமுதுகின் பத்தாவது எலும்பு மட்டத்தில்) அடி, இப்போது வீல்சேர்தான். எடை பார்க்க வேறு வழியில்லாமல் நேற்று கேரட் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் சேரோடு ஏற்றி, அப்புறம் வெறும் சேரை நிறுத்துக் கழித்தோம். 58 கிலோ, உயரம் 165, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 21 சொச்சம். சார்ட்படி நார்மல், ஆனால் தொப்பை அப்படிச் சொல்லவில்லை. இஞ்ச் டேப்பில் உட்கார்ந்தபடி 98 செ.மீ., படுத்தால் 91. எதை எடுத்துக்கொள்வது?

பிசியோ_குன்னூர்:
படுத்த அளவுதான். வயிற்றுத் தசை பிடிமானம் இல்லாததால் உட்கார்ந்தால் குடலே முன்னால் சரிந்து நிற்கும், அதெல்லாம் கொழுப்பு இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னால், சிறுநீர் எடுத்த பிறகு, மூச்சை விட்ட நிலையில் அளந்து பாருங்கள். மலச்சிக்கல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பிஎம்ஐயை நம்பாதீர்கள். காலில் தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால் எடை ஏறாமலே கொழுப்பு ஏறும். தண்டுவட அடிபட்டவர்களுக்கு பிஎம்ஐ 22-ஐயே உடல்பருமன் எல்லையாக வைக்கச் சொல்கிறார்கள்.

சக்கரநாற்காலி_கொடை:
நானும் டி8 கேஸ். ஒன்று சொல்ல விட்டுப்போச்சு: பெல்ட் கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு அளங்க தம்பி. குளிரில் சட்டையைத் தூக்கி ஜில்லென்ற டேப்பை வைத்தால் எனக்கு வயிறு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டு செ.மீ. குறைத்துக் காட்டும். டேப்பைக் கையில் வைத்துச் சூடாக்கி, இழுப்பு அடங்கியதும் அளப்போம். உணர்ச்சி இல்லாத இடம், இறுக்கினாலும் அவருக்குத் தெரியாது, பார்த்து.

கோத்தகிரிக்காரன்:
இன்று காலை அப்படியே செய்தோம், மூன்று தடவை: 92, 92, 93. டேப்பைச் சூடாக்குகிறேன் என்று அடுப்புப் பக்கம் போனதற்கு அண்ணனிடம் திட்டு. இது அதிகமா மேடம்?

பிசியோ_குன்னூர்:
இந்திய ஆண்களுக்குப் பொதுவாக 90 எல்லை. தண்டுவட அடிபட்டவர்களுக்கு 94 என்றும் ஒரு ஆய்வுக் கணக்கு உண்டு. நடுவில் நிற்கிறார். குடலைச் சுற்றி எவ்வளவு கொழுப்பு என்று சரியாகப் பிரித்துக் காட்டுவது சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்தான், அதற்காக இப்போது மலை இறங்கி அலைய வேண்டாம். வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பாருங்கள், முக்கியமாக எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்ட்ரால், இவர்களுக்கு அது அடிக்கடி குறைவாக இருக்கும். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, மாதம் ஒருமுறை அதே ஆள், அதே டேப்.