“மோ ஏ தேஷோ” ஆளுடைய பாட்டு சிடிக்களைக் கடையிலிருந்து எடுத்தது ஏன்?

பாஸ்கி:
நெட்ஃபிளிக்ஸில் ‘டோக்கியோ ஸ்விண்ட்லர்ஸ்’ நேற்றுதான் முடித்தேன். அடுத்தவன் நிலத்தை, போலியாக ஓர் உரிமையாளரை உட்காரவைத்து விற்கிற கும்பலின் கதை. அதில் பத்திர விவகாரம் தெரிந்த கோட்டோ என்று ஒருத்தர் வருவார். வாங்க வந்தவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டால் “மோ ஏ தேஷோ” என்று ஓர் அதட்டல். ‘போதும் விடுங்கய்யா’ என்கிற மாதிரி. அதில் நடித்தவர் பெயர் பியேர் டாக்கி. தேடிப் பார்த்தால் 2019-ல் கொக்கெயின் வழக்கில் கைதானவராம். சரி, அது அவர் தப்பு. ஆனால் மறுநாளே அவருடைய பழைய பாட்டு சிடிக்களை எல்லாம் திரும்பப் பெற்றார்களாம். சிடி என்ன செய்தது? அப்படி ஏதாவது சட்டம் இருக்கிறதா?

வினோத்:
டாக்கி என்றால் ஜப்பானிய மொழியில் அருவி. விழுவதற்கென்றே வைத்த பெயர் போல. விஷயம் தெரிந்தவர்கள் வரும்வரை இந்த ஜோக்கோடு சமாளித்துக்கொள்ளுங்கள்.

கவாசாகி செல்வம்:
சட்டம் எதுவும் இல்லை. அதுதான் இதில் வேடிக்கையே.

நான் ஜப்பானுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. டாக்கியை வெறும் நடிகர் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் கதை போய்விடும். அடிப்படையில் அவர் இசைக்குழு ஆள். ஷிசுவோகாக்காரர். இஷினோ டக்யூவோடு சேர்ந்து 1989-ல் ‘டென்கி க்ரூவ்’ குழுவை ஆரம்பித்தார். மேடையில் என்ன வாசிப்பார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஃபுஜி மலை மாதிரி வேடம் போட்டுக்கொண்டு “ஃபுஜிசான்” என்று கத்துவார், கூட்டம் துள்ளும். 1997-ல் வந்த ‘ஷாங்ரி-லா’ பெரிய ஹிட்.

நடிப்பு மெதுவாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு மாமா மாதிரி கனத்த உடம்பு, சாதாரண முகம். 2013-ல் ‘கியோஆகு’ படத்தில், தூக்குத் தண்டனைக் கைதியாக உட்கார்ந்து பழைய கொலைகளைப் பத்திரிகையாளரிடம் சொல்லும் யாக்குசா (ஜப்பானிய ரவுடிக் கும்பல் ஆள்) வேடம். அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாதம் கழித்து இங்கே டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ கார்ட்டூன் படம் வந்தது. பனிமனிதன் ஓலாஃபுக்கு ஜப்பானியக் குரல் யார் என்று பார்த்தால், அதே ஆள்!

2019 மார்ச் 12 அன்று பிடித்தார்கள். அப்போது பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுத் தொடர் ‘இடாட்டென்’ ஓடிக்கொண்டிருந்தது. மாரத்தான் வீரருக்கு தாபி என்கிற துணிக்காலணி தைத்துக் கொடுக்கும் கைவினைஞராக அதில் நடித்திருந்தார். அந்த வேடம் வேறு நடிகருக்குப் போனது. மார்ச் 13-ல் சோனி மியூசிக் சிடிக்களைத் திரும்பப் பெற்று, இணையத்தில் கேட்பதையும் நிறுத்தியது. அதே நாளில் சேகா நிறுவனம் ‘ஜட்ஜ் ஐஸ்’ வீடியோ கேம் விற்பனையை நிறுத்தி, பிற்பாடு அவர் முகத்தையும் குரலையும் மாற்றி மறுபடி வெளியிட்டது. ஓலாஃபும் போனது. நவம்பரில் இரண்டாம் பாகத்துக்கு மகளைக் கூட்டிப் போனேன். பாதியில் என் காதருகே வந்து, “அப்பா, ஓலாஃபுக்கு ஜலதோஷமா?” என்றாள்.

இதற்கெல்லாம் இங்கே ‘ஜிஷுக்கு’ என்று பெயர், அதாவது தானாகவே அடங்கிக்கொள்வது. உண்மையில் யாரும் தானாக அடங்குவதில்லை. நாலு பேர் போன் போட்டுத் திட்டுவதற்கு முன்னால் நாமே செய்துவிடுவோம் என்கிற பயம்தான். நீதிமன்றம் ஜூன் 18-ல்தான் தீர்ப்பு சொன்னது: பதினெட்டு மாதச் சிறை, மூன்று வருடம் நிறுத்திவைப்பு. அதாவது உள்ளே போகவே வேண்டாம். அவருடைய பாட்டுகளோ 2020 வரை உள்ளேயே கிடந்தன. இசைக்கு என்ன குற்றம் என்று பெரிய இசையமைப்பாளர் ரியுய்ச்சி சகாமோட்டோவே வெளிப்படையாகக் கேட்டார்.

எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் நடித்த ‘மாஜோங் ஹோரோகி 2020’ படம் அதே 2019 ஏப்ரல் 5-ல் ஒரு காட்சிகூட வெட்டாமல் வெளியானது. அவர் அதில் இருக்கிறார் என்ற அறிவிப்பு மட்டும் போட்டார்கள்.

மீனாட்சி:
செல்வம் அண்ணா, நான் விளம்பரத் துறையில் இருக்கிறேன். அதைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்தில் நற்பெயருக்கென்றே தனி ஷரத்து இருக்கும். கைதான முகத்தோடு பொருள் விற்கப் பணம் கொடுத்தவன் எப்படிச் சம்மதிப்பான்? அப்புறம், எடுத்த காட்சியையே திரும்ப எடுத்த ஆட்களை யோசித்தீர்களா? எனக்குப் பாவமாக இருப்பது அவர்களைப் பார்த்துத்தான்.

கவாசாகி செல்வம்:
மீனாட்சி, விளம்பரத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஷூட்டிங் ஆட்கள் விஷயத்திலும் வாதாட மாட்டேன். ஆனால் இந்த வியாதி அரசுப் பணம் வரை போனது. ‘மியாமோட்டோ காரா கிமி எ’ என்று ஒரு படம். டாக்கிக்குச் சின்ன வேடம்தான். ஜப்பான் கலை மன்றம் 1 கோடி யென் மானியம் தருவதாக இருந்தது. தீர்ப்பு வந்த பிறகு, கொடுத்தால் போதைப்பொருளை அரசே சகித்துக்கொள்வதாக அர்த்தமாகிவிடும் என்று கைவிரித்தது. தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2022-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2023 நவம்பர் 17-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ‘பொதுநலன்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மானியத்தை மறுத்தால் படைப்பாளிகள் ஒடுங்கிப் போவார்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒரு துணை நடிகர் செய்த காரியத்துக்கு நாலு வருட வழக்கு!

பாஸ்கி, அவர் திரும்பி வந்தது பெரும்பாலும் நெட்ஃபிளிக்ஸ் வழியாகத்தான். டிவி மாதிரி தொடருக்குப் பணம் போடுகிற விளம்பரதாரர் இடையில் இல்லையே, அதனால் சாத்தியமாயிற்று என்று நினைக்கிறேன். 2023-ல் ‘சாங்க்சுவரி’யில் சுமோ குருவாக வருகிறார், அதையும் பாருங்கள்.

பாஸ்கி:
இன்று ராத்திரியே ஆரம்பிக்கிறேன். ஆங்கில டப்பிங் இருக்கிறதே, அதில் பார்க்கலாமா?

கவாசாகி செல்வம்:
வேண்டாம். “மோ ஏ தேஷோ” ஒசாகா பக்கத்துப் பேச்சு. ஷிசுவோகாக்காரர் அதை எப்படி மெல்லுகிறார் என்று கேட்டீர்கள்தானே? டப்பிங்கில் அது எங்கே வரும்? ஜப்பானிய மொழியிலேயே பாருங்கள்.