வெர்டிகோ: மர்மத்தைப் பாதி வழியிலேயே அவிழ்த்தது ஏன்?

கேள்வி:

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1958-இல் வெளிவந்த வெர்டிகோ படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

உயரத்தைக் கண்டு அஞ்சும் முன்னாள் துப்பறிவாளன் ஸ்காட்டியின் கண் வழியாகவே படம் நெடுநேரம் நகர்கிறது. அவன் பின்தொடர்ந்து கண்காணித்து, பின் காதலித்த மேடலின் மணிக்கூண்டிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள் என்று அவன் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். பிறகு அவளைப் போலவே தோற்றமளிக்கும் ஜூடியைத் தெருவில் கண்டு, அவளுடைய அறை வரை சென்று பேசிவிட்டு அவன் வெளியேறுகிறான். ஆனால் கேமரா அவனோடு போகாமல் அவளிடமே தங்கிவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களில், மேடலினாக நடித்தவளே ஜூடிதான் என்பதும், மணிக்கூண்டில் நடந்தது உண்மையான மேடலினின் திட்டமிட்ட கொலை என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அவள் ஸ்காட்டிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி, அதைக் கிழித்தும் விடுகிறாள்.

படம் முடிய இன்னும் நெடுநேரம் இருக்கும்போது, தன் குட்டைத் தானே உடைத்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன? கடைசிக் காட்சி வரை இதைக் காப்பாற்றியிருந்தால் அதிர்ச்சி பன்மடங்காக இருந்திருக்கும் அல்லவா?

முதல் பதில்:

நீங்கள் எதிர்பார்த்த அமைப்புதான் மூலக்கதையில் இருக்கிறது. பியர் புவாலோ, தாமஸ் நார்ஸ்ஜாக் இருவரும் சேர்ந்து எழுதி 1954-இல் வெளியான பிரெஞ்சு நாவலில், இரு பெண்களும் ஒருத்தியே என்பது இறுதியில்தான் வெளிப்படும். ஹிட்ச்காக் வேண்டுமென்றே அதை மாற்றினார். உடனிருந்தவர்கள் அனைவரும் அந்த மாற்றத்தை எதிர்த்ததாக அவரே பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் கூறியிருக்கிறார். மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்வையாளருக்கு 15 நொடி அதிர்ச்சி, முன்கூட்டியே தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதைப்பு என்று அவர் விளக்கியதும் அந்த உரையாடலில்தான்.

இதன் பயனை உணர, உடை வாங்கும் காட்சியை மட்டும் மீண்டும் பாருங்கள். மேடலின் அணிந்திருந்த அதே சாம்பல் நிற உடைதான் வேண்டும் என்று ஸ்காட்டி கடைக்காரர்களிடம் பிடிவாதம் பிடிக்கிறான். ஜூடி அது தனக்குப் பிடிக்கவில்லை என்று விலகிப் போகிறாள். ரகசியம் தெரியாதவருக்கு அது ஒரு மனிதனின் விசித்திரமான வற்புறுத்தலும் ஒரு பெண்ணின் எரிச்சலும் மட்டுமே. தெரிந்தவருக்கோ, அந்த உடை அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தடயம். அதே வேளையில், தன்னைத் தனக்காகவே அவன் நேசிக்க மாட்டானா என்ற அவளுடைய கடைசி நம்பிக்கையை அழிக்க வந்த பொருளும் கூட. ஜூடியாக நடித்த கிம் நோவாக்கின் முகத்தில் ஓடும் அச்சத்தையும் ஆசையையும் நம்மால் படிக்க முடிவது அந்தக் கடிதக் காட்சியால்தான்.

இரண்டாம் பதில்:

மேற்கண்ட கருத்தை ஏற்கிறேன். கேள்வியில் மட்டும் ஒரு சிறு திருத்தம். முதற்பகுதி முழுவதும் ஸ்காட்டியின் பார்வையில் இல்லை. அவனுடைய தோழி மிட்ஜ், மேடலினை ஆட்டிப்படைப்பதாகச் சொல்லப்படும் அவளுடைய இறந்துபோன மூதாதை கார்லோட்டாவின் ஓவியத்தைப் போல வரைந்து அதில் தன் முகத்தைப் பொருத்திக் காட்டுகிறாள். அவன் மனம் புண்பட்டு வெளியேறியதும், தனியே நின்று தன்னையே கடிந்துகொண்டு ஓவியத்தைத் தூரிகையால் சிதைக்கிறாள். அவன் அறியாத ஒரு பெண்ணின் வலியை நாம் முதலில் காண்பது அங்கேதான். ஜூடியின் அறையில் கேமரா தங்குவதற்கு அந்தக் காட்சி நம்மை அப்போதே பழக்கிவிடுகிறது.

கடிதத்தின் சொற்களை ஜூடியின் குரலில் அப்படியே கேட்க வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவளுடைய பார்வையும், அலமாரியில் தொங்கும் அந்தச் சாம்பல் நிற உடையும் போதுமானவை. வெளிப்படுத்தியது சரி, அதற்குச் சொன்ன சொற்கள்தான் மிகுதி.

ஆனால் அதன் பலனாகக் கிடைக்கும் காட்சியோ ஈடிணையற்றது. கூந்தலையும் மேடலினைப் போலவே முடிந்துகொண்டு, விடுதியின் நியான் விளக்கு பரப்பும் பச்சை ஒளியில் ஜூடி மங்கலாக நடந்து வருகிறாள். ஸ்காட்டியின் கண்ணுக்கு ஓர் இறந்தவள் மீண்டு வருகிறாள். நம் கண்ணுக்கு, உயிரோடிருக்கும் ஒருத்தி மறைந்துகொண்டிருக்கிறாள். பெர்னார்ட் ஹெர்மனின் இசை காதலின் உச்சத்துக்கு ஏற ஏற, நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ரகசியம் நம்மிடம் இல்லாதிருந்தால் அந்த இரண்டாவது பார்வை நமக்குக் கிட்டியிருக்காது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. இந்தப் பதில்களை மனத்தில் வைத்துப் பிற்பகுதியை மீண்டும் பார்த்தபோது, முதலில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று தெரிந்தது. தொடக்கத்தில் உண்மை ஜூடியிடம் இருக்கிறது. ஸ்காட்டியும் நாமும் அறியாதவர்கள். கடிதத்துக்குப் பிறகு நாம் அவள் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். ஓவியத்தில் கார்லோட்டா அணிந்திருக்கும் கழுத்தணியை ஜூடி அணிந்துகொண்டு கொக்கியை மாட்டிவிடச் சொல்லும் அந்த நொடியில், கண்ணாடியில் அதைக் கண்டுகொண்ட ஸ்காட்டிக்கும் எல்லாம் விளங்கிவிடுகிறது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது ஜூடிக்கு மட்டும் தெரியாது.

அதன்பின் அவன் குரலில் சிறிதும் மாற்றமின்றி, இரவு உணவுக்கு ஊருக்கு வெளியே போகலாம் என்கிறான். அவள் மகிழ்ச்சியோடு காரில் ஏறுகிறாள். கார் போவதோ மணிக்கூண்டுக்கு. முன்பு அதே மணிக்கூண்டுக்கு அவளை அழைத்துச் சென்றபோது, என்ன நடக்கப்போகிறது என்று அறியாமல் ஓட்டியவன் அவன். இம்முறை சாலையோர மரங்கள் தலைக்கு மேலே கடந்து செல்ல, ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.