ஒரே பில் மூணு இடத்துல கிடக்குது, எதை நம்புறது?

கிழங்குமண்டி கேட்டது:
வணக்கங்க. சேலம் ஐந்து ரோட்டுல தலைமை ஆபீஸ், ஆத்தூர்ல சேகோ (ஜவ்வரிசி) ஆலை, ஏற்காட்டுல காபி எஸ்டேட், செவ்வாய்ப்பேட்டையில குடோன். ஆடிட்டர் ஒரு பில் கேட்டா ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘புதுஃபைனல்’னு மூணு வருது. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

அலமாரிசாவி:
சாஃப்ட்வேரைக் கடைசில பாருங்க. முதல்ல ஒரு எக்செல்ல ஆவண வகையெல்லாம் எழுதி, எது மூலப் பிரதி, யார் பொறுப்பு, எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்னு நிரப்புங்க. எடைச்சீட்டு ஆத்தூர் எடைமேடைக்காரர் பொறுப்புன்னா, மத்த இடத்துல பார்க்க மட்டும் அனுமதி, திருத்த முடியக்கூடாது.

ஃபைல் பேரு இப்படி: 2024-11-07_02_எடை_04512. 02ங்கறது கிளை எண், 04512 சீட்டு எண். தேதியை 07-11-2024னு போட்டா எல்லா மாசத்து 7-ந் தேதியும் ஒண்ணா வந்து குவியும். பார்ட்டி பேரை இதுல சேர்க்காதீங்க, நாலு பேரு நாலு விதமா அடிப்பாங்க. ஃபோல்டர் மூணு அடுக்குக்கு மேல வேண்டாம். விண்டோஸ்ல முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டுனா பல புரோகிராம்ல ஃபைல் திறக்காது.

மைதீராதபேனா:
எடைச்சீட்டு தெர்மல் பேப்பர்ங்க. வெயில்லயோ பிளாஸ்டிக் கவர்லயோ வெச்சா எழுத்து வெளுத்துரும். லோடு இறங்குன அன்னைக்கே 300 டிபிஐல ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப்/ஏவா (ரொம்ப வருஷம் பாதுகாக்கறதுக்கான பிடிஎஃப் வகை) சேமிங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா படம் சுருங்கி 3, 8 ரெண்டும் ஒண்ணாத் தெரியும். வேற வழியில்லைன்னா ‘டாக்குமெண்ட்’டா அனுப்பச் சொல்லுங்க.

பழைய கடிதங்க பாமினி, வானவில் மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சதா இருந்தா ‘சேலம்’னு தேடினா ஒண்ணும் வராது. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ள இருக்கறது வேற எழுத்து. யூனிகோடுக்கு மாத்திட்டு ஏத்துங்க.

கிழங்குமண்டி:
சரிங்க. ஸ்கேன் ஆனதும் பேப்பரை எடைக்குப் போட்டுரலாமா?

அலமாரிசாவி:
அவசரப்படாதீங்க. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். 2023-24க்குக் கெடு 31-12-2024, அதனால 31-12-2030 வரைக்கும். அப்பீல் ஓடினா தீர்ப்பாகி ஒரு வருஷம் வரைக்கும், ரெண்டுல எது பிந்தியோ அது. கம்பெனிச் சட்டப்படி பதிவானதுன்னா கணக்குப் புத்தகம் 8 நிதியாண்டு.

எஸ்டேட் கிரயப் பத்திரம், மூலப் பத்திரமெல்லாம் அழிக்கவே கூடாது. அதை ஏற்காட்டுலயும் வெக்காதீங்க, மலை ஈரத்துல பூஞ்சை பிடிச்சு தாளு ஒட்டிக்கும். கீழ சேலத்துல பேங்க் லாக்கர்தான் சரி.

காலம் முடிஞ்சதை பட்டியல் போட்டு, ரெண்டு பேரு கையெழுத்து வாங்கி, மெஷின்ல நறுக்கித்தான் வெளிய விடணும். முழுத்தாளா போச்சுன்னா உங்க ரேட் லிஸ்ட் கடலை வண்டியில பொட்டலமா மடிஞ்சு வரும்ங்க.