நடுவில் ஒரு வாரம் இல்லை

ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் கதை புத்தகமாகவும் சீரிஸாகவும் இருந்தால் எந்த வரிசையில் போவது, "முதலில் புத்தகமா, சீரிஸா?" என்று இந்த இழையில் மேலே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு எந்தக் கதையும் வரிசையாகக் கிடைத்ததே இல்லை. அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

சுஜாதாவின் அறிவியல் நாவல் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்தபோது அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மயிலாப்பூரில் பைண்டிங் செய்து வைத்திருந்தார். நான் சுஜாதாவைப் படிக்க ஆரம்பித்தது அந்தத் தொகுப்பில்தான். தையல் உள்ளே இழுத்துவிட்டதால், ஓரத்து எழுத்தைப் படிக்கப் புத்தகத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பாதி ஜோக் இருக்கும், மீதியைக் காணோம். நடுவில் ஒரு வாரமே இல்லை. அந்த வாரம்தான் நான் பிறந்தேனாம். ஆஸ்பத்திரிக்கு யாரும் விகடன் வாங்கி வரவில்லை.

அதனால் என் பிரதியில் நாயகி நிலாவும் இயந்திர நாய் ஜீனோவும் ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் இருப்பார்கள், பக்கத்தைத் திருப்பினால் வேறெங்கோ இருப்பார்கள். இடையில் என்ன நடந்திருக்கும் என்று ஏழெட்டு விதமாக நானே கதை கட்டியிருந்தேன். பத்தாவது முடித்த பிறகு புத்தகக் கண்காட்சியில் முழு நாவலும் கைக்கு வந்தது. கடை வாசலில் நின்றபடியே அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். நான் கட்டியதில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் அந்த இயந்திர நாய் பேசியது மட்டும் என் மனதில் பேசிய மாதிரியே இருந்தது. என்ன நடக்கும் என்பதில் தவறினேன், ஜீனோ எப்படிப் பேசும் என்பதில் தவறவில்லை. ஒரு கதையைத் திரைக்குக் கொண்டுவரும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கு இன்றுவரை இதுதான் என் அளவுகோல்.

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' இதைவிட மோசம். கல்லூரியில் படிக்கும்போது திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டாம் பாகம் மட்டும். விண்மீன் பேரரசு விழுந்த பிறகு வரும் இருண்ட காலத்தைச் சுருக்க ஹாரி செல்டன் என்கிற கணித மேதை போட்ட திட்டத்தை, மியூல் என்கிற ஒருவன் உடைக்கிற பாகம். திட்டம் என்னவென்று முழுசாகத் தெரியும் முன்பே அது உடைவதைப் படித்துவிட்டேன். பிறகு முதல் பாகம் கிடைத்தது. அதில் சுமார் 150 வருடங்கள் ஓடுகின்றன. ஒரு பகுதியில் பழகிய மனிதர் அடுத்த பகுதியில் வெறும் பெயராகிவிடுவார். 1942-லிருந்து பத்திரிகைக் கதைகளாகத் தனித்தனியே வந்தவற்றைச் சேர்த்து 1951-ல் புத்தகமாக்கியதால் வந்த அமைப்பு அது. படிக்க எனக்குப் பிடித்திருந்தது. திரையில் என்ன செய்வார்கள்? நான்கு எபிசோடுக்கு ஒரு தடவை எல்லோரையும் சாகடித்துவிட்டுப் புதுமுகங்களோடு ஆரம்பித்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

2021-ல் வந்த ஆப்பிள் டிவி தொடரில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பேரரசனின் குளோன்கள், அதாவது அச்சு அசல் நகல்கள், இளைஞன், நடுவயதுக்காரன், கிழவன் என்று மூன்று பேர் தலைமுறை தலைமுறையாக ஆள்கிறார்கள். நூற்றாண்டுகள் போனாலும் முகம் மாறாது. புத்தகத்தில் இது கிடையவே கிடையாது. இரண்டாவது எபிசோடோடு கோபத்தில் நிறுத்திவிட்டேன்.

புத்தகம் படிக்காத என் மனைவி முழுசாகப் பார்த்தாள். அவள் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்ற இருவருக்கும் தெரிகிற நிறம் தனக்குத் தெரியவில்லை என்பதை மறைத்துக்கொண்டு இளையவன் அரண்மனைக்குள் பயந்து பயந்து நடமாடுகிறான். 12,000 வருடப் பேரரசு உளுத்துப்போவதை அசிமோவ் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போவார். இங்கே அது ஒரு பையனின் கண்ணில் இருந்தது. அசிமோவ் எழுதாத காட்சிதான், ஆனாலும் அவர் கதைக்கு உள்ளே இருக்கிற காட்சி.

அதே தொடரில் நாயகிக்கு வருங்காலத்தை உணரும் சக்தி கொடுத்ததை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. தனி மனிதன் என்ன செய்வான் என்று கணிக்க முடியாது, கோடிக்கணக்கான பேர் சேர்ந்தால் கணிக்கலாம் என்பதுதான் செல்டனின் கணக்கே. அங்கே ஒருத்திக்கு மட்டும் வரம் கொடுத்தால், ஜீனோவை வேறு யாரோ மாதிரி பேச வைத்ததற்குச் சமம்.

வரிசை பற்றிக் கேட்டவர்களுக்கு இன்னொன்று. லியு சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' சீனத்தில் 2008-ல் புத்தகமாக வந்தபோது, மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சி அத்தியாயங்கள் நடுவில் இருந்தன. 2014-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் கென் லியு அவற்றை முதலுக்குக் கொண்டுவந்தார். நெட்ஃபிளிக்ஸ் தொடரும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் உள்ளே போங்கள்.

—

அண்ணா, நீங்க மேல எழுதினதுக்கு என் பதில். நான் சென்னை வேளச்சேரி. நான் உள்ள போனது தண்ணி லாரி வழியா.

2019 கோடைக்காலம். ஏரியெல்லாம் காஞ்சு, ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி வந்த வருஷம். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். எங்க தெருவுக்கு லாரி ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. முழிச்சிருக்கணுமேன்னுதான் 'தி எக்ஸ்பான்ஸ்'ங்கிற விண்வெளி சீரிஸ் போட்டேன். முதல் எபிசோட்லயே ஒரு கப்பல், சனி கிரகத்து வளையத்துலருந்து ஐஸ் வெட்டி சிரிஸ்ங்கிற குறுங்கோளுக்கு ஏத்திட்டு வருது. அங்க இருக்கிற ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. அம்மா பக்கத்துல குடத்தோட உக்காந்திருந்தாங்க. "என்னடா ஏத்திட்டுப் போறாங்க?"ன்னாங்க. சொன்னேன். "அங்கயும் லாரிதானா?"ன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் ஒரு எபிசோட் விடல.

அந்த சீரிஸோட மூல நாவல் ஒன்பதையும் அப்புறம்தான் படிச்சேன். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரிங்கிற பேருல ரெண்டு பேர் சேர்ந்து எழுதினது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், குறுங்கோள் ஜனங்க கையால பேசுறது. ஸ்பேஸ் சூட் போட்டிருக்கும்போது தலையாட்டினா யாருக்கும் தெரியாது, அதனால சரின்னு சொல்றதுக்குக்கூட கையத்தான் தூக்குவாங்க. சீரிஸ்லயும் நடிகர்கள் அதை விடாமச் செய்வாங்க. படிக்கும்போது எனக்கு எங்க தெருதான் ஞாபகம் வந்துச்சு. லாரி மோட்டார் சத்தத்துல யார் பேசுறதும் கேக்காது. அம்மா மாடியிலருந்து மூணு விரல் காட்டுவாங்க, நான் கீழருந்து உள்ளங்கையக் கவுத்துக் காட்டுவேன். இன்னும் மூணு குடம் கிடைக்குமா? முடிஞ்சிருச்சும்மா.