நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்றால், அதனால் என்ன பயன்?

வைகைக்கரை (கேள்வி)

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது என்பது குறித்துப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் எந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் (ஆண்டுச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கை) மக்களவையில் விவாதிக்கப்படவில்லை. அனைத்தும் கில்லட்டின் முறையில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிறைவேறின. அவையில் நடக்காத பரிசீலனை குழுக்களில் நடக்கிறது என்று நூல்கள் கூறுகின்றன. 24 துறைசார் நிலைக்குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என்ற அமைப்பு விவரம் வரை எனக்குப் புரிகிறது. ஆனால் குழுவின் பரிந்துரையை ஏற்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்றும் அதே நூல்கள் கூறுகின்றன. கட்டுப்படுத்தாத ஒரு பரிந்துரைக்காக இத்தனை பேர் ஏன் உழைக்க வேண்டும்? கேட்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஆவர்; அவர்களுக்கு நேர்மையான விடையைச் சொல்ல விரும்புகிறேன்.

தணிக்கைமேசை

ஐயா, மத்தியத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எனவே அரசின் செலவுக் கணக்கையும் தணிக்கை அறிக்கைகளையும் ஆராயும் பொதுக் கணக்குக் குழுவைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தக் குழு 1921ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஆனால் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நிதித் துறைப் பொறுப்பாளரே அதற்குத் தலைமை வகித்தார். அதாவது செலவழித்தவரே செலவை விசாரிக்கும் குழுவின் தலைவராகவும் இருந்தார். 1950க்குப் பிறகு குழு சபாநாயகரின் அதிகாரத்தின் கீழ் வந்தது. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக அமர்த்தும் மரபு தொடர்கிறது. மினு மசானியில் தொடங்கிய அந்த வரிசையில், 1970களின் தொடக்கத்தில் நம் இரா. செழியனும் இருந்தார். குழுவின் 22 உறுப்பினர்களில் அமைச்சர் எவரும் இடம்பெற முடியாது.

இதன் வலிமை எங்கே இருக்கிறது என்பதற்கு என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அமைச்சகத்தின் கீழ் இயங்கிய நிறுவனம் வாங்கிய விலையுயர்ந்த கருவி ஒன்று, பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. தணிக்கையின்போது நாங்கள் எழுதிய வினாக்களுக்கெல்லாம் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற ஒற்றை வரியே விடையாக வந்தது. இதைப் பற்றி நாங்கள் எழுதிய தணிக்கைப் பத்தி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையில் அச்சேறி அவையில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழு அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது என்ற செய்தி வந்தவுடன், துறைச் செயலரே நேரில் அமர்ந்து விடை சொல்ல வேண்டும் என்ற நிலை உருவானது. அதுவரை கிடைக்காத கோப்புகள் இரண்டு வாரங்களில் கிடைத்தன, கருவியும் நிறுவப்பட்டது. சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பெயரும் பதவியும் பதிவாகும் இடத்தில், எழுத்தில் விடை சொல்ல வேண்டியிருந்தது என்பதே காரணம்.

பணம் செலவாகி முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பது பிணக்கூராய்வுக்கு ஒப்பானது என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையை நான் முழுமையாக ஏற்பதில்லை. கோப்பில் குறிப்பு எழுதும் அதிகாரி, இந்த வரியைப் பின்னொரு நாள் ஒருவர் வாசித்துக் காரணம் கேட்பார் என்பதை அறிந்தே எழுதுகிறார். ஆயினும் குழு விசாரிப்பது மிகச் சில பத்திகளைத்தான். விசாரணைக்கு எடுக்கப்படாத பத்திகளுக்கும் அமைச்சகங்கள் நான்கு மாதங்களுக்குள், எடுத்த நடவடிக்கையை விளக்கும் நடவடிக்கைக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது; காலக்கெடு தவறுவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உங்கள் உரைக்கு ஒரு வழி சொல்கிறேன். குழுவின் முதல் அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். அரசின் பதில்கள் வந்த பிறகு வெளியாகும் நடவடிக்கை அறிக்கையைத் தேடி எடுத்து, அதில் நான்காம் அத்தியாயத்தை முதலில் திறந்து பாருங்கள். அரசு தந்த பதிலை ஏற்க மறுத்துக் குழு மீண்டும் வலியுறுத்தும் பரிந்துரைகள் அங்கேதான் இருக்கும். இறுதிப் பதிலே வராதவை ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கும்.

சட்டமாணவி

தணிக்கைமேசை ஐயா செலவைப் பற்றிக் கூறினார். நான் மசோதாக்களைப் பற்றிக் கூறுகிறேன்.

வாடகைத்தாய் முறையை ஒழுங்குபடுத்தும் மசோதா 2016இல் மக்களவையில் அறிமுகமானபோது, நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத்தாயாக இருக்கலாம் என்றும், ஐந்தாண்டுகள் குழந்தையின்றி இருந்த தம்பதியரே இம்முறையை நாடலாம் என்றும் அதில் இருந்தது. உடல்நலத் துறைக்கான நிலைக்குழு 2017 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், ஆணாதிக்கம் நிலவும் குடும்பங்களில் 'நீதான் சுமக்க வேண்டும்' என்ற வற்புறுத்தலை மறுக்கும் நிலையில் எல்லாப் பெண்களும் இல்லை என்று சுட்டிக்காட்டியது. உறவு என்ற பெயரில் நடக்கும் வற்புறுத்தலைச் சட்டமே அங்கீகரித்துவிடும் என்ற அச்சம் அது. ஒரு மருமகளின் நிலையை அறிந்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. ஆயினும் 2018இல் மக்களவை அந்த விதியை மாற்றாமலே மசோதாவை நிறைவேற்றியது. அந்த மக்களவையின் காலம் முடிந்ததால் மசோதா காலாவதியாகி, 2019இல் மீண்டும் வந்தபோது மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு (ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே அமைக்கப்படும் குழு) அனுப்பியது. 2020 பிப்ரவரியில் அக்குழு, நெருங்கிய உறவினர் என்ற வரம்பையும் ஐந்தாண்டு நிபந்தனையையும் நீக்கவும், கணவனை இழந்தோரும் மணமுறிவு பெற்றோருமான 35 முதல் 45 வயது வரையுள்ள பெண்களுக்கும் இடமளிக்கவும், வாடகைத்தாயின் காப்பீட்டை 16 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீட்டவும் பரிந்துரைத்தது. 2021 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் இவை இடம்பெற்றுள்ளன. வாடகைத்தாய்க்கு இழப்பீடு தரலாம் என்ற நிலைக்குழுவின் கருத்து ஏற்கப்படவில்லை. 2017இல் புறக்கணிக்கப்பட்ட வாதம் நான்கு ஆண்டுகள் கழித்துச் சட்டமானது என்பதே வைகைக்கரை அவர்களின் கேள்விக்கு என் விடை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை இரு அவை உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக் குழு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்று, 2023இல் புதிதாகக் கொண்டுவந்த மசோதாவை எந்தக் குழுவுக்கும் அனுப்பாமல் நிறைவேற்றியது. 15ஆவது மக்களவைக் (2009–2014) காலத்தில் குழுக்களுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள் சுமார் 71 விழுக்காடு. 17ஆவது மக்களவைக் (2019–2024) காலத்தில் அது சுமார் 16 விழுக்காடாகச் சரிந்தது. 2020 செப்டம்பரில் வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவின் பரிசீலனையும் இன்றி நிறைவேறி, ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பின் ரத்து செய்யப்பட்டதை நாம் அனைவரும் கண்டோம். உழவர் அமைப்புகள் முதலிலேயே குழு அறையில் அமர்ந்து பேசியிருக்க முடியும்.

மருந்தாளுநர்

பொதுச் சேவைகளைக் குழுக்கள் எவ்வளவு ஆழமாக ஆராய முடியும் என்பதற்கு, உடல்நலத் துறை நிலைக்குழு 2012 மே மாதம் அளித்த 59ஆவது அறிக்கையை நீங்கள் அவசியம் வாசிக்க வேண்டும். மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் மத்திய அமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த அந்த அறிக்கை, 2008 ஜனவரிக்கும் 2010 அக்டோபருக்கும் இடையே 33 புதிய மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலே ஒப்புதல் பெற்றதை வெளிக்கொணர்ந்தது. வெவ்வேறு நகரங்களில் வாழும் மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியாக எழுதியதாகக் காட்டப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள் சில, சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதையும் குழு எடுத்துக்காட்டியது. அந்தப் பக்கங்களை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் நாள்தோறும் எடுத்துத் தரும் மருந்துகள் அல்லவா அவை.

இத்தகைய விசாரணை கட்சி எல்லையைக் கடந்து நடப்பதற்கு ஒரு காரணம், குழுக் கூட்டத்தில் கொறடாவின் ஆணைக்கு இடமில்லை என்பதாகும். கதவு மூடியிருப்பதால் உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்றும் கூறுவார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிரிட்டனின் பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை விசாரிப்பதை எவரும் நேரலையில் காணலாம். இங்கும், அறிக்கையை இறுதிசெய்யும் கலந்தாய்வை மட்டும் மூடிய அறையில் வைத்துக்கொண்டு, சாட்சியம் பெறுவதைத் திறந்துவிட்டால் என்ன?

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. பட்ஜெட்டை அவை விவாதிக்காமல் நிறைவேற்றிய ஆண்டுகளில் நிலைக்குழுக்கள் என்ன செய்தன? எங்களைப் போன்றவர்கள் ஒரு மசோதாவைப் பற்றிக் குழுவுக்கு எழுத முடியுமா?

சட்டமாணவி

பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில், 2018இலும் 2023இலும்கூட, நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தன; மக்களவை அந்த அறிக்கைகளைக் கையில் எடுத்துப் பேசவில்லை என்பதே துயரம். 1993இல் இக்குழுக்களை அமைத்ததன் முதன்மை நோக்கமே மானியக் கோரிக்கைகளை ஆராய்வதுதான்.

குழுவுக்கு எவரும் எழுதலாம். மசோதா குழுவுக்குச் சென்றதும் பெரும்பாலும் நாளிதழ்களிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் கருத்துக் கேட்பு அறிவிப்பு வெளியாகும். பல வேளைகளில் பதினைந்து நாள் அவகாசமே இருக்கும். நேரில் சாட்சியம் அளிக்க விரும்பினால் அதையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடுவதால், அதை நீங்களாக வெளியிடக் கூடாது. மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்று அந்த அறிவிப்புகள் கேட்கின்றன. தமிழில் எழுதிய மனுவும் ஏற்கப்பட வேண்டும் என்று நம் உறுப்பினர்கள் அவையில் வலியுறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வைகைக்கரை

எங்கள் வட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற இருவர் இருக்கிறார்கள். மற்றவர்கள் தமிழில் சொல்வதை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தருவார்களா என்று இன்று மாலையே கேட்கிறேன்; மொழி விதியைப் பற்றித் தொகுதி உறுப்பினருக்கு எழுதும் கடிதம் மட்டும் தமிழில் இருக்கும்.