உதவி தேவை: வாப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெப்லி ரிவால்வர் எந்த வருஷம் செய்தது?

கீழக்கரை மகன்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் வாப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் இருந்தது. எண்பதுகளில் பரமக்குடிப் பக்கம் ஒரு மிராசுதாரரிடம் முறைப்படி எழுதி வாங்கியது. வாப்பா மவுத் ஆனதும் அதை மதுரையில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாற்ற மனு எழுதுகிறேன். கடைக்காரர், "இது நூறு வருஷத்துக்கு மேலான சரக்கு, அருங்காட்சியகத்துக்குத்தான் ஆகும், வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். அவர் சொல்வது உண்மையா? லைசென்ஸ் புத்தகத்தில் "வெப்லி ஸ்காட், .32" என்றும் ஒரு நம்பரும் மட்டும்தான் இருக்கிறது. வருஷம் எங்கும் இல்லை. உம்மா அதை விற்க வேண்டாம் என்கிறார். அதனால் சரியான விவரம் தெரிந்து முடிவெடுக்க நினைக்கிறேன்.

பாம்பன் காற்று:
தம்பி, முதலில் ஒன்று. நம்பரை முழுதாக இங்கே போட வேண்டாம், கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். இரண்டாவது, துரு இருந்தால் உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ வைத்துத் தேய்க்க யாரையும் விடாதீர்கள். நம்ம கடற்கரைக் காற்றில் இரும்பு எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் தேடுகிற வருஷம் அந்தத் துருவுக்கு அடியில் பொடிப்பொடி முத்திரைகளாக இருக்கும். தேய்த்தால் துருவோடு அதுவும் போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்து, என்னென்ன எழுத்து, எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.

கீழக்கரை மகன்:
நன்றி காக்கா. கடைக்காரர் முன்னாலேயே பார்த்தேன். மேல்பட்டையில் "வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட், பர்மிங்ஹாம்" என்று ஆங்கிலத்தில், பாதி அழிந்திருக்கிறது. சிலிண்டரில், அதாவது தோட்டா போடும் சுழல் உருளையில், ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே என், பி என்ற இரண்டு எழுத்து. பிரேமில் (உடல்பகுதியில்) இரண்டு ஈட்டிகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே. அவற்றின் இடைவெளியில் ஒரு பக்கம் சி, இன்னொரு பக்கம் பி, கீழே ஒரு எண். மரப்பிடியில் எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆர்மரர், முதுகுளத்தூர்:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

கம்பெனி பெயரிலிருந்து வருவோம். 1897-இல்தான் வெப்லியும் ஸ்காட்டும் ஒரே நிறுவனமானார்கள். அப்போது பெயரில் "ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி" என்பதும் சேர்ந்திருந்தது. 1906-இல் அதைச் சுருக்கி "வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்" ஆக்கினார்கள். ஆகவே உங்களுடையது 1906-க்குப் பிந்தையது.

அடுத்தது கிரீடமும் என், பி-யும். இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியையும் விற்பனைக்கு அனுப்பும் முன் சோதனைக் கூடத்தில் வழக்கத்தைவிட வீரியமான தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழாயும் அறைகளும் தாங்கினால்தான் முத்திரை. புகையில்லா வெடிமருந்தில் சோதித்ததற்கு அடையாளம் இந்த என், பி. பர்மிங்ஹாமில் இந்த வடிவம் 1904-இலிருந்து 1954 வரை. அதன் பிறகு கிரீடத்தின் கீழ் பி, என், பி என்று மூன்று எழுத்தானது.

அந்த ஈட்டிகள்தான் முக்கியம். 1950-இலிருந்து பர்மிங்ஹாம் கூடம் சோதித்த வருஷத்தை அந்த முத்திரைக்குள் எழுத்தாகவே போட்டது. ஏ என்றால் 1950, பி என்றால் 1951, சி என்றால் 1952. மற்ற பக்கத்து பி ஊரைக் குறிக்கும், கீழே உள்ள எண் சோதித்தவருடையது. உங்களுடையது 1952. என், பி முத்திரையின் காலத்தோடும் அது ஒத்துப்போகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அது சோதித்த வருஷம். புதுத் துப்பாக்கியில் சோதித்ததும் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குழாயோ சிலிண்டரோ பின்னால் மாற்றியிருந்தால் மறுபடி சோதித்திருப்பார்கள். சிலிண்டரிலும் பிரேமிலும் நம்பர் ஒன்றா என்று பாருங்கள்.

தேவிபட்டினம் 77:
வெப்லி இப்போது இந்தியாவிலேயே செய்கிறார்களே, அதுவாக இருக்குமா?

ஓய்வுபெற்ற ஆர்மரர், முதுகுளத்தூர்:
அது உத்தரப்பிரதேசத்தில் சண்டிலாவில் 2020 வாக்கில்தான் தொடங்கியது. இவர் வாப்பா வாங்கியது எண்பதுகளில். அது இல்லை.

வக்கீல், ராமநாதபுரம்:
தம்பி, சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ்தாரர் இறந்ததும் கடையில் ஒப்படைத்தது 1959 படைக்கலச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி சரியான காரியம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாரிசுக்கு லைசென்ஸ் கேட்க 2016 விதிகளில் 25-ஆவது விதி இருக்கிறது. வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்களுடையது சுடக்கூடியது, 1952-இல் செய்தது. "அருங்காட்சியகச் சரக்கு, லைசென்ஸ் வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நம்பரைத் திருத்துவதும் அழிப்பதும் 8-ஆவது பிரிவின்படி குற்றம். துருவைத் தேய்க்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழக்கரை மகன்:
இன்று திரும்பப் போய்ப் பார்த்தேன். சிலிண்டர், பிரேம் இரண்டிலும் ஒரே நம்பர். ஆனால் லைசென்ஸ் புத்தகத்தில் ஓர் எண் மாறுகிறது. பிரேமில் துரு அடைத்த 3, புத்தகத்தில் 8 என்று ஏறியிருக்கிறது. சிலிண்டரில் 3 தெளிவாகத் தெரிகிறது. என்ன செய்வது?

வக்கீல், ராமநாதபுரம்:
இது இப்போதே தெரிந்தது நல்லது. மனுவிலேயே மறைக்காமல் எழுதிவிடுங்கள். சிலிண்டர், பிரேம் இரண்டின் நெருக்கமான படங்களையும், பரமக்குடிக்காரர் எழுதிக் கொடுத்த பழைய காகிதத்தையும் இணைத்து, ஆயுதத்தை நேரில் பார்த்துப் பதிவைத் திருத்தக் கேளுங்கள். அந்தப் பழைய காகிதத்தில் என்ன நம்பர்?

கீழக்கரை மகன்:
அதில் 3 தான் சார். உம்மா பெட்டியில் வைத்திருந்தார், எடுத்துப் பார்த்துவிட்டேன்.

வக்கீல், ராமநாதபுரம்:
அப்படியானால் கவலை இல்லை. அதன் நகலை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

பாம்பன் காற்று:
தம்பி, லைசென்ஸ் வந்ததும் துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த நல்ல ஆர்மரர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் ஒரு தோட்டா கூடப் போட வேண்டாம். அப்புறம் தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, பூட்டுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கச்சான் காற்று மாதங்களில் அடிக்கடி எடுத்துத் துடைக்க வேண்டும்.