ஆறு அணி இருந்தால் ஆறு வேலையா? அமெரிக்கக் கல்லூரிகளில் ஓட்டப் பயிற்சியாளர் வேலை

நெடுந்தூரன்:
வேலைவாய்ப்புத் திரியில் சரவணன் சார் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இது: "அமெரிக்காவில் கல்லூரிக்குக் கல்லூரி டிராக் (தடகள) அணி உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம்), உள்ளரங்கு, வெளியரங்கு என்று மொத்தம் ஆறு அணி. ஓடத் தெரிந்தவனுக்குப் பயிற்சியாளர் வேலை கொட்டிக் கிடக்கிறது."

இதை நம்பி ஒரு தம்பி கணினி வேலையை விடலாமா என்று எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறான். அதனால்தான் தனித் திரி.

ஆறு அணி என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் கணக்கு. இலையுதிர் காலத்தில் புல்வெளியில் ஓடுகிற அதே பிள்ளைகள்தான் ஜனவரியில் உள்ளரங்கிலும் ஏப்ரலில் வெளியிலும் ஓடுகிறார்கள். ஒரே ஜோடி கால், கணக்கில் மூன்று விளையாட்டு. அதன் மூன்று பிரிவுகளில் மேலே இருக்கும் முதல் பிரிவில், அமெரிக்கக் கால்பந்தைப் பெரிய அளவில் நடத்தும் கல்லூரி குறைந்தது 16 விளையாட்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை மலிவாக நிரப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. சிறு கல்லூரிகளில் ஆறு அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஒரே ஆள். நான் உதவியாளராக இருந்த மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் அந்த ஒரே ஆள்தான் வேனும் ஓட்டினார், மாணவர் சேர்க்கைக்குப் பெற்றோருக்குப் போனும் போட்டார்.

ஆறு அணி, ஒரு ஆள். இதில் வேலை எங்கே கொட்டிக் கிடக்கிறது?

சரவணன்_சான்ஹோசே:
என் பெயரைப் போட்டுத் தனித் திரி தொடங்கியதற்கு நன்றி. ஒரு சின்னக் கல்லூரியில் வேன் ஓட்டியதை வைத்து நாட்டையே அளக்காதீர்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிற்சியாளர் பட்டியலைத் திறந்து பாருங்கள். மேலே ஒரு டைரக்டர். கீழே குறுந்தூரம், தடை தாண்டுதல், தாண்டுதல், எறிதல், நெடுந்தூரம் என்று தனித்தனி ஆள். ஆறு அணி, ஆறு ஆள். எண்ணத் தெரியும்தானே?

அப்புறம், தில்ஜீத் டெய்லரைத் தெரியுமா? பஞ்சாபிக் குடும்பத்துப் பெண். கலிஃபோர்னியாவில் இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், 2016-இல் பி.ஒய்.யு.வுக்கு (யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகம்) போனார். 2024-இல் அவருடைய பெண்கள் அணி தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றது. திறமை இருந்தால் வேலை தேடி வரும்.

நெடுந்தூரன்:
தில்ஜீத் டெய்லரை மதிக்கிறேன். அவர் ஒருவர். அவர் இருக்கும் இடம் ஒன்று. அவர் விலகாதவரை அந்த இடம் காலியாகாது. உச்சத்தில் இருப்பவரைக் காட்டி, வேலை நிறைய இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நீங்கள் எண்ணிய ஆறு பேரை நானும் எண்ணுகிறேன். அதில் கிராஸ் கன்ட்ரிக்காரனுக்கு எத்தனை? நெடுந்தூரத்துக்கு ஒருவர். சில இடங்களில் ஆணுக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர். அவ்வளவுதான். ஆறு அணி இருப்பதால் ஆறு ஆள் இல்லை; குண்டு எறிவதற்கும் கம்பூன்றித் தாண்டுவதற்கும் வேறு வேறு ஆள் வேண்டும் என்பதால் ஆறு ஆள். ஆறு அணி, ஒரு ஆள் என்று நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

குண்டெறி_கோமதி:
தம்பி, "குண்டு எறிவதற்கும் வேறு ஆள் வேண்டும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நெடுந்தூரக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். டிராக் என்றால் ஓட்டம் மட்டும்தான், நாங்கள் ஓரத்தில் நிற்கிற ஒட்டுண்ணி.

வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2025 ஜூனில் என்ன நடந்தது தெரியுமா? எறிதலையும் தாண்டுதலையும் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். குறுந்தூரத்தையும் தடை ஓட்டத்தையும் சுருக்கிவிட்டார்கள். மிச்சம் வைத்தது நெடுந்தூரம். அதாவது நீங்கள் புலம்புகிற அந்த ஒரு வேலை காப்பாற்றப்பட்டது, எங்கள் வேலை போனது. அழ வேண்டியது நாங்கள்.

நெடுந்தூரன்:
அக்கா, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். ஏன் நெடுந்தூரத்தை மட்டும் வைத்தார்கள்? அதே பிள்ளைகளை வைத்து மூன்று விளையாட்டு என்று கணக்குக் காட்டலாம். எண்ணிக்கை குறையாது, சம்பளப் பட்டியல் குறையும். கென்ய ஓட்டக்காரர் ஹென்றி ரோனோ 1978-இல் 81 நாளுக்குள் நான்கு உலகச் சாதனை படைத்தது அந்தக் கல்லூரி மாணவராக இருந்தபோதுதான். அப்படிப்பட்ட ஊரிலேயே இந்தக் கணக்கு.

குண்டெறி_கோமதி:
ரோனோவை ஏன் இழுக்கிறீர்கள்? வேலை போன எறிதல் பயிற்சியாளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடியும் ஓட்டக்காரன் புராணம்.

டெக்ஸஸ்_தாமோ:
எல்லோரும் விசாவை மறந்துவிட்டீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி வேலை விசாவில் ஆண்டு உச்சவரம்பு கிடையாது, குலுக்கலும் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. சரவணன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நெடுந்தூரன்:
தாமோ, 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பைப் பார்க்கவில்லையா? வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம். வேனுக்குப் பெட்ரோல் போடவே கணக்குப் பார்க்கும் கல்லூரி, உதவிப் பயிற்சியாளருக்காக ஒரு லட்சம் டாலர் கட்டுமா?

டெக்ஸஸ்_தாமோ:
ஏற்கனவே அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் விசாவை மாற்றினால் அந்தக் கட்டணம் கிடையாது. முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள். உங்களுக்கு எல்லாமே அரைகுறை.

சரவணன்_சான்ஹோசே:
தாமோவுக்கு நன்றி. நெடுந்தூரன் எதைத் தொட்டாலும் இப்படித்தான். 2020-இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் ஆண்கள் டிராக்கை மூடப்போகிறது என்றதும், "ஆண்கள் டிராக் செத்தது" என்று இங்கே ஒப்பாரி வைத்தவர் இவர்தான். 2021 ஏப்ரலில் கிளெம்சன் முடிவைத் திரும்பப் பெற்றது. பிரவுன் பல்கலைக்கழகம் ஆண்கள் அணியை எடுத்துவிட்டுச் சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்தது. ஒப்பாரியை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

நெடுந்தூரன்:
ஏன் திரும்பப் பெற்றார்கள்? ஓட்டக்காரர்களும் பழைய மாணவர்களும் தெருவுக்கு வந்து, வக்கீல் வைத்து, சண்டை போட்டதால். சும்மா இருந்திருந்தால் போயிருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்கள் உள்ளரங்கு டிராக் போனது. சென்ட்ரல் மிச்சிகனில் ஆண்கள் டிராக் போனது. அதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

இப்போது, கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கிலும் தீர்வு வந்துவிட்டது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாக 2025-26 கல்வியாண்டில் மொத்தம் சுமார் 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்று ஆனது. அந்தப் பணம் எங்கே போகும்? பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும். எங்கிருந்து பிடுங்குவார்கள்? டிக்கெட் விற்காத விளையாட்டிலிருந்து. அந்தத் தீர்வில் சேர்ந்த கல்லூரியில் டிராக்குக்கு 45 பேர், கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர் என்று ஆள் வரம்பும் வந்துவிட்டது. ஓரளவு வேகமாக ஓடும் உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கிறேன் என்று சொல்லிப் பிழைத்த உதவிப் பயிற்சியாளருக்கு இனி என்ன வேலை?

சம்பளத்தைச் சொல்லட்டுமா? 1990களில் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி போட்டது. உதவிப் பயிற்சியாளரில் ஒரு வகைக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. பயிற்சியாளர்கள் நீதிமன்றம் போய் உடைத்தார்கள், கடைசியில் 5.45 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது என்.சி.ஏ.ஏ. அதன் பிறகும் சம்பளமே இல்லாத தன்னார்வப் பயிற்சியாளர் என்ற பதவி முதல் பிரிவில் 2023 ஜூலை வரை இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பெயர் வாங்கிய பயிற்சியாளர் மார்க் வெட்மோர்கூடத் தன்னார்வலராக நுழைந்தவர்தான். இன்றைக்கும் கூடுதல் நேரச் சம்பளம் கேட்டால், "உன் முதன்மை வேலை கற்பித்தல், நீ ஆசிரியர் கணக்கு, உனக்கு அது கிடையாது" என்று சட்டத்தைக் காட்டிக் கையை விரிக்கலாம். பயிற்சியாளனின் பாசத்தை வைத்தே அவனைச் சுரண்டுகிற தொழில் இது. அந்த வேலையை நேசித்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு அணி, ஒரு ஆள்.

சரவணன்_சான்ஹோசே:
தன்னார்வலர் பதவியை 2023-இல் எடுத்தார்களா இல்லையா? அந்த இடத்துக்குச் சம்பளம் கொடுக்க இப்போது விதி இடம் தருகிறது. அப்படியானால் வேலை கூடியிருக்கிறது. நீங்களே எழுதியதை நீங்களே படியுங்கள். வெட்மோர் 1995-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நெடுந்தூரன்:
கொடுக்கலாம் என்பது விதி. கொடுக்க வேண்டும் என்று விதி இல்லை. விதியில் இடம் இருந்தால் வங்கிக் கணக்கில் பணம் வந்துவிடுமா?

மீனா_ஒஹாயோ:
என் மகள் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறாள், அதனால் கேட்கிறேன். முழுநேர வேலையைப் பற்றிப் பேசுகிறீர்களா, பகுதிநேரமும் சேர்த்தா? முதல் பிரிவா, மூன்றாம் பிரிவா? அதைச் சொல்லாமல் இருவரும் ஆறு, ஒன்று என்று மாறி மாறி எழுதினால் எனக்கு எப்படிப் புரியும்?

சரவணன்_சான்ஹோசே:
மீனா மேடம், எல்லாம் சேர்த்துத்தான். ஆறு அணி, ஆறு ஆள்.

நெடுந்தூரன்:
மேடம், எப்படிப் பிரித்தாலும் கணக்கு மாறாது. 2024-இல் என்.ஏ.யு.வின் (நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகம்) பயிற்சியாளர் மைக் ஸ்மித் நைக்கி நிறுவனத்துக்குப் போனார். அத்தனை தேசியப் பட்டம் வென்ற இடம் காலியானால் ஏற்கனவே பெயர் வாங்கியவன் வருவான், அவன் இடத்துக்கு அவனுக்கு அடுத்தவன் வருவான். சங்கிலி இறங்கி இறங்கிக் கடைசியில் புதியவனுக்கு மிஞ்சுவது ஒரு சிறு கல்லூரியில் பகுதிநேர உதவியாளர் இடம். அங்கே, இத்தனை பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்று இலக்கும் கொடுப்பார்கள். கட்டணம் கட்டும் மாணவர்களைப் பிடித்து வருவதுதான் நிஜ வேலை, ஓட்டம் அதற்குச் சாக்கு. என்னையும் அதற்குத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன்.

டெக்ஸஸ்_தாமோ:
ஓ, உங்களை நீக்கியதற்கு அமெரிக்கா முழுக்கத் தண்டனை. இப்போது புரிகிறது.

நெடுந்தூரன்:
நீக்கவில்லை, நானே விலகினேன். அதை இழுக்காதீர்கள். விசா தவிர வேறு எதுவும் தெரியாதவர் இங்கே ஏன்?

குண்டெறி_கோமதி:
இவ்வளவு எழுதியும் எறிதல் பயிற்சியாளரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. "தட்டு, ஈட்டி, குண்டு, சங்கிலிக் குண்டு என்று நான்குக்கும் ஒரே ஆள்தான், அக்கா" என்றாவது சொல்லியிருக்கலாம். நான்கு போட்டி, ஒரு ஆள். அதற்கும் யாராவது திரி தொடங்குங்கள்.

சரவணன்_சான்ஹோசே:
கோமதி மேடம் சொல்வதும் என் பக்கம்தான். அந்த ஒரு ஆளும் வேலையில் இருக்கிற ஆள்தானே. கூட்டிப் பாருங்கள், ஆறு வரும்.

குண்டெறி_கோமதி:
நான் யார் பக்கமும் இல்லை. என்னைக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

நெடுந்தூரன்:
சரவணன் சார், ஒரே கேள்விக்கு நேரான பதில் சொல்லுங்கள். கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கு, வெளியரங்கு மூன்றிலும் அதே நெடுந்தூரப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக மூன்று பயிற்சியாளர் வைத்திருக்கும் கல்லூரி ஒன்றைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று.

சரவணன்_சான்ஹோசே:
முதலில் நீங்கள் கிளெம்சனுக்குப் பதில் சொல்லுங்கள்.